ஒருவருடைய ஏதோ ஒன்று

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் சாலையில், பஸ் நின்றால் உண்டு, நிற்காவிட்டால் இல்லை என்கிற அளவில் ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொன்று ஆவதற்குள் அறுபத்திரண்டு வீடுகளில் போன் அடித்தது. எடுத்தால் ஒரே பெண்ணின் குரல். கல்யாணத்துக்கு அழைப்பது போல அவ்வளவு மரியாதை.

"வணக்கம். உங்களுக்கு நெருக்கமான மீனம்பாள் அவர்கள் காசநோயால் பாதிக்கப்பட்டிருப்பதை அறிந்து வருந்துகிறோம். அவர் விட்ட மூச்சு உங்களுக்கும் வந்திருக்கலாம். கவலை வேண்டாம். நெஞ்சுக்கவசம் மூலிகைப் பொடி, காலையில் ஒரு ஸ்பூன், மாலையில் ஒரு ஸ்பூன்."

மீனம்பாள் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். ஒன்பது வருஷமாகச் சமைக்கிறாள். போன் வந்த நேரத்தில் சாம்பார் சாதத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு பேருக்குத் தெரிந்த பிறகு, அறுபத்து மூன்றாவது ஆளாகத்தான் அவளுக்குச் சங்கதி தெரிந்தது. சொன்னவர் தலைமையாசிரியை சுந்தராம்பாள்.

நோய் வந்தது உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருமல் நிற்காமல், செஞ்சியில் ஒரு தனியார் லேபில் சளி கொடுத்துப் பார்த்தாள். லேபின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் யாருடைய அந்தரங்கமாவது காக்கப்பட வேண்டுமல்லவா? ரிசல்ட்டைத் தாளில் தர மாட்டோம், ஆப்பில்தான் வரும் என்றார்கள். அவள் புருஷன் ஆதிமூலத்தின் போனில் ஆப்பை ஏற்றினார்கள். ஆதிமூலம் அவலூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவனிடம் இருந்தது. ஆப் ஏதேதோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் அவன் 'சரி'யை அமுக்கினான். பெண்டாட்டிக்கு என்னவோ ஏதோ என்று நிற்கிற மனுஷன் வேறெதை அமுக்குவான்?

லீவு போட்டு, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி ஆறு மாசம் சாப்பிட்டாள். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பினாள். குணமான சங்கதி லேபுக்குத் தெரியாது. பொடி விற்பவர்களுக்கு அது தேவையும் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூடியது. மேலாண்மைக் குழுவில் இருக்கும் வீராசாமிதான் முதலில் எழுந்தார். ஆறு ஏக்கரில் மணிலா என்கிற வேர்க்கடலை, ஒரு டிராக்டர், இரண்டு பேத்திகள் அதே பள்ளியில்.

"எனக்கு யார் மேலயும் கோவம் கெடையாது. ஆனா புள்ளைங்க சாப்புடற சோறு. அத இவ ஆக்கக் கூடாது, அவ்ளோதான்."

மீனம்பாள் டாக்டர் சான்றிதழை நீட்டினாள். அவர் கையில் வாங்கவில்லை.

"சர்ட்டிபிகேட்டு எங்க வேணா கெடைக்கும். போன்ல பேசின பொண்ணு, கம்பெனிப் பொண்ணு. அது பொய் சொல்லுமா?"

மீனம்பாள் சமைப்பதை ஒன்பது வருஷமாகவே சிலருக்குப் பிடிக்கவில்லை. அதற்கான காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும் என்பதால் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். இப்போது வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் ஒன்று, அதுவும் அக்கறையோடு, போனிலேயே வந்து சேர்ந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் சுந்தராம்பாள் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ கொஞ்ச நாள் லீவுல இரு மீனம்பா. டாக்டர் சர்ட்டிபிகேட் நோய்க்குத்தான். பேச்சுக்கு ஒரு பேப்பர் வேணும். இது திருட்டுத்தனமா வெளிய போன தகவல், இத வெச்சி யாரும் எதுவும் செய்யக்கூடாதுன்னு எந்த ஆபீஸாவது எழுதிக் குடுத்தா, நான் தைரியமா உன்ன உள்ள விடுவேன்."

"அப்படி ஒரு ஆபீஸ் இருக்குதா டீச்சர்?"

"இருக்குது. விளம்பரம் பார்த்தேன். அந்தரங்கத் தகவல் காப்பு ஆணையமாம்."

*

மீனம்பாள் முதலில் லேபுக்குத்தான் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் டை கட்டிய மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க சங்கதிய யாருக்கு சார் குடுத்தீங்க?"

"அத வெளிய சொல்லக் கூடாதும்மா. அது அவங்களோட ப்ரைவசி."

"எங்களோடது?"

"உங்களோடதும் எங்ககிட்ட பத்திரமா இருக்குது," என்றார் மேனேஜர். உண்மைதான். இருந்ததை எடுத்துத்தான் கொடுத்திருந்தார்கள், எதுவும் குறையவில்லை.

அடுத்து அவள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பீமாராவிடம் போனாள். ஐம்பத்தைந்து வயது. தாலுகா ஆபீஸ் வாசலில் இருபது வருஷம் மனு எழுதிய கை. பட்டா, வாரிசு, முதியோர் பென்ஷன் என்று எத்தனையோ ஆபீஸ்களை அசைத்துப் பார்த்தவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆணையத்தின் தளத்தைத் திறந்தார்.

திறந்ததும் ஒரு பெட்டி வந்தது. 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர். தொடர, உங்கள் இருப்பிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் ஆகியவற்றை எங்கள் இருநூற்றுப் பதினான்கு பங்காளர்களுடன் பகிரச் சம்மதியுங்கள்.'

"சம்மதிக்கலன்னா இன்னாண்ணே?"

"புகார் குடுக்க முடியாது."

"பகிர்ந்துட்டாங்கன்னுதானே புகாரே!"

"அதான். ஒருத்தன் பகிர்ந்தான்னு சொல்றதுக்கு இருநூத்திப் பதினாலு பேருக்குப் பகிரணும்," என்ற பீமாராவ் மூச்சை இழுத்துவிட்டு அமுக்கினார்.

தமிழ் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் 'தமிழ் விரைவில் வரும்' என்று வந்தது, ஆங்கிலத்தில். படிவம் நாற்பத்தொரு பக்கம். புகார்தாரரின் படம் இருபது கேபிக்குக் குறையவும் கூடாது, மிகவும் கூடாது. பீமாராவ் அன்று மத்தியானம் முழுக்க மீனம்பாளின் முகத்தைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, சாயங்காலம் நாலரைக்குச் சரியாக இருபதுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு காதைக் காணோம். ஆணையம் ஏற்றுக்கொண்டது.

பதினேழாம் பக்கத்தில், 'தகவலைக் கசியவிட்டவரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கவும்' என்றிருந்தது. பதினெட்டாம் பக்கத்தில், 'கசிந்த தகவலின் நகல் மூன்று, கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துடன்.'

"ஊருக்குள்ள அறுபத்திரண்டு நகல் இருக்குது, அதுல மூண எப்படிக் கொண்டாறது?" என்று கேட்டுவிட்டு, பீமாராவ் ஆதிமூலத்தின் போனிலிருந்த பழைய லேப் ரிசல்ட்டை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார்.

மீனம்பாள் அதை எடுத்துக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போனாள். வாசலில் இருந்த கிளார்க் வாங்கிப் பார்த்து, உள்ளே இருக்கும் அதிகாரிக்குக் கேட்கும்படி, "சார், டிபி ஒன்னு அட்டெஸ்டேஷனுக்கு வந்திருக்குது!" என்று கூவினார். வரிசையில் நின்ற பதினோரு பேர் ஓரடி பின்வாங்கினார்கள். கையெழுத்து சீக்கிரம் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒப்புதல் கடிதத்துக்கு மட்டும் வழியில்லை. லேப் மேனேஜர், "நாங்க எதையும் ஒப்புக்கறதில்ல" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பீமாராவ் அதையே இணைத்தார். ஆணையம் அதையும் ஏற்றுக்கொண்டது. தாள் இருக்கிறதா என்றுதான் அது பார்க்குமே தவிர, தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அநாகரிகம் அல்லவா.

கடைசிப் பக்கத்தில் ஓடிபி. முப்பது வினாடிக்குள் போட வேண்டும். மீனம்பாளின் போனுக்குத்தான் வரும். ஆனால் பொடிக் கம்பெனி இப்போது அவளுக்கே நேரடியாகப் போன் செய்ய ஆரம்பித்திருந்தது. அரை நிமிஷத்துக்கு ஒன்று. ஓடிபி வரும், அதன் மேல் போன் வந்து உட்காரும், போனைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பதின்மூன்று முறை இப்படி ஆனது. பதினாலாவது முறை அவள் போனை எடுத்தே விட்டாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம் போன் பண்ணாம இரேன். உங்க கம்பெனி மேலதான் புகார் குடுத்துனு இருக்கறேன், குடுக்க முடியல."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, அச்சடித்த குரல் போய் ஒரு சாதாரணப் பெண் பேசினாள்.

"யாரு, மீனம்பாளாக்கா? செஞ்சிப் பக்கம்?"

"ஆமா."

"நான்தான்கா உங்க ஊருக்கெல்லாம் பேசினேன். எழுதிக் குடுக்கறத படிக்கணும், வேற இல்ல. இன்னா ஆச்சிக்கா?"

"வேலைக்கு வராதன்னுட்டாங்க."

"அஞ்சு நிமிஷம் உங்க நம்பர ஓரமா எடுத்து வெக்கறேன்கா. அதுக்கு மேல வெச்சா சூப்பர்வைசர் பாத்துடுவாரு. சீக்கிரம் போடுங்க."

போட்டார்கள். அந்தரங்கத் தகவல் காப்பு அமைப்பு முழுவதிலும், மேலிருந்து கீழ்வரை, மீனம்பாளுக்கு உதவி செய்த ஒரே ஆள் பொடி விற்கிற பெண்.

*

இருபத்திரண்டு நாள் கழித்து பதில் வந்தது. 'தங்கள் புகாரில் ஒரு தனிநபரின் பெயர், ஊர், நோய் ஆகிய அந்தரங்கத் தகவல்கள் அடங்கியுள்ளன. இவ்வாறு பிறர் தகவலை வெளியிடுவது விதிகளுக்கு முரணானது என்பதால் புகார் நிராகரிக்கப்படுகிறது. முதல் தவறு என்பதால் எச்சரிக்கையோடு விடப்படுகிறீர்கள். அந்தரங்கத் தகவல் எதுவுமின்றி மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

மீனம்பாள் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் வந்ததா என்று பீமாராவ் கேட்கவில்லை. வேலைக்குப் போய் ஒரு மாசமாகியிருந்தது. தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. காலையில் எழுந்ததும் பழக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கம் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிவருவாள்.

"விட்டுடலாம்ணே."

"எதுக்கு விடணும்? அவங்க இன்னா கேக்கறாங்களோ அதையே எழுதுவோம்," என்றார் பீமாராவ். இருபது வருஷ மனு அனுபவமும் விரல் நுனிக்கு வந்தது. ஒரே ஒரு வரி எழுதினார்.

'ஒருவருடைய ஏதோ ஒன்று, யாராலோ, எங்கோ, எவரிடமோ சொல்லப்பட்டுவிட்டது. நடவடிக்கை வேண்டும்.'

அரைமணி நேரத்தில் வரிசை எண் வந்துவிட்டது. 'தெளிவான புகாருக்கு நன்றி' என்று குறிப்பும் வந்தது. செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் விழிப்புணர்வு முகாமில், வருகிற வெள்ளிக்கிழமை நேரடி விசாரணை.

*

மண்டபம் நிறைந்திருந்தது. முகாமுக்கு ஆள் காட்ட வேண்டும் என்று சுற்றுப்பட்டு ஊராட்சிகளுக்குத் தாக்கீது போயிருந்ததால், ஊர் ஊராக வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். மீனம்பாளின் ஊரிலிருந்தும் ஒரு வேன். வீராசாமி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுந்தராம்பாள் டீச்சரும் வந்திருந்தார்.

வாசலில் பதிவேடு விரித்து வைத்திருந்தது. பெயர், போன் நம்பர், ஆதார் எண், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய். எழுதுகிற ஒவ்வொருவரும் மேலே எழுதியிருப்பவர்களுடையதை நிதானமாகப் படித்துவிட்டு எழுதினார்கள்.

ஆணையத்தின் துணை ஆணையர் நெடுமாறன் மைக் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, தொண்டையில் கனிவு.

"அன்பார்ந்த செஞ்சிப் பெருமக்களே! நமது ஆணையம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் படிவத்தைத் திறந்தவர்கள் நான்கு லட்சம் பேர். கடைசி ஆண்டறிக்கைப்படி அதை முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம்! மக்கள் எவ்வளவு பத்திரமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? படிவம் கடினமாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். இதோ உங்கள் ஊர்க் கோட்டையைக் கட்டியவர்கள், வருகிறவன் எல்லாம் சுலபமாக ஏறட்டும் என்றா கட்டினார்கள்? கோட்டை என்றால் ஏற முடியக்கூடாது! எங்கள் ஆணையமும் ஒரு கோட்டை. யாராலும் உள்ளே வர முடியாது!"

கைதட்டல்.

"எங்கள் அலுவலக முகவரியைக்கூட நாங்கள் வெளியிட்டதில்லை. அதுவும் ஒரு தகவல்தானே? தன் தகவலையே காக்கத் தெரியாத ஆணையம் உங்கள் தகவலை எப்படிக் காக்கும்?"

இன்னும் பலத்த கைதட்டல். அப்போது ஓர் உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். நெடுமாறன் படித்தார். முகம் மாறியது.

"புகாரா? இங்கேயா?"

"கம்ப்யூட்டரே தேதி குடுத்துடுச்சி சார்."

வேறு வழியில்லாமல் அவர் மைக்கில் அழைத்தார். "ஒருவருடைய ஏதோ ஒன்று! ஒருவருடைய ஏதோ ஒன்று வந்திருக்கிறாரா?"

மீனம்பாள் எழுந்தாள். பீமாராவ் கூடவே எழ, ஒரு டோக்கனுக்கு ஓர் ஆள்தான் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அவள் மேடை ஏறினாள்.

"அந்த ஒருவர் யாரம்மா?"

"நான்தாங்க."

"அந்த ஏதோ ஒன்று என்ன?"

மைக் அவள் வாய்க்கு நேரே இருந்தது. அவள் அதைக் கையால் மூடினாள். "தனியா சொல்லலாங்களா சார்?"

"கூடாது. எங்கள் விசாரணை வெளிப்படையானது. உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. சொன்னால், நீங்களே வெளியிட்டதாக ஆகும்; புகார் செல்லாது. சொல்லாவிட்டால், விசாரிக்க ஒன்றுமில்லை, அப்போதும் செல்லாது. இரண்டில் எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கும் முழு உரிமை உங்களுக்கு உண்டு."

மீனம்பாள் அவரைப் பார்த்தாள். இந்த ஆள் வேண்டுமென்றே செய்யவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. இவர் உண்மையிலேயே உரிமையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மாசத்துப் பயம் அந்த இடத்தில் அலுப்பாக மாறியது. அவள் மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு டிபி வந்துச்சி. ரெண்டு வருஷம் ஆவுது. ஆறு மாசம் லீவு போட்டு, ஒரு வேள விடாம மாத்திர தின்னேன். சரியாப் போச்சின்னு டாக்டரு சொன்னப்புறம்தான் கரண்டியத் தொட்டேன். அதுக்கப்புறம் உங்க புள்ளைங்க என் கையால ஒரு வருஷத்துக்கு மேல சாப்டுதுங்க. ஒன்னுக்காவது இருமல் வந்துச்சா? வந்தா சொல்லுங்க."

அவள் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"மாத்திர வாங்கற வரிசையில எங்க ஊர்க்காரங்க நாலு பேர நான் பார்த்தேன். தலையில துண்டப் போட்டுக்குனு, மூஞ்சத் திருப்பிக்குனு நின்னாங்க. இந்த மண்டபத்துலயே இருக்கறாங்க. பேரச் சொன்னா, இங்க நிக்க வேண்டியது நான் மட்டும் இல்ல. ஆனா சொல்ல மாட்டேன். அது அவங்க சமாச்சாரம்."

இரண்டாவது வரிசையில் வீராசாமி தன் செருப்பின் வாரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாரில் ஒன்றுமில்லை.

நெடுமாறன்தான் முதலில் தெளிந்தார். முகத்தில் ஒளி வந்திருந்தது. "கேட்டீர்களா! மனுதாரர் தாமே மனமுவந்து வெளியிட்டுவிட்டார். எனவே இனி அவரிடம் அந்தரங்கம் என்று எதுவும் இல்லை. இல்லாததற்கு ஆபத்தும் இல்லை. ஆணைய வரலாற்றின் முதல் புகார் முழுமையாகத் தீர்த்துவைக்கப்பட்டது!"

சால்வை வந்தது. போட்டோகிராபர் இப்படித் திரும்புங்கள், அப்படித் திரும்புங்கள் என்றார். சால்வையைப் போர்த்துகிற சாக்கில் நெடுமாறன் குனிந்து, பேனாவைத் திறந்துகொண்டு மெல்லக் கேட்டார். "அம்மா, அந்த நாலு பேர் பெயரைச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். மண்டப வாசலில் ஒட்டப் போகிறோம்."

"சார்," என்றாள் மீனம்பாள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "அதக் காப்பாத்தத்தானே உங்களுக்குச் சம்பளம்? அந்த வேலைய சம்பளம் இல்லாம நான் பாத்துக்கறேன். நீங்க போய் சாப்புடுங்க."

சால்வையை மேஜைமேல் மடித்து வைத்துவிட்டு இறங்கினாள். பின்வரிசையில் பீமாராவ் ஒற்றை ஆளாகக் கைதட்டினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், சுந்தராம்பாள் டீச்சர்.

*

திங்கட்கிழமை காலை மீனம்பாள் யாருடைய பேப்பருக்கும் காத்திருக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சுந்தராம்பாள் டீச்சர் சமையலறைச் சாவியை எடுத்து நீட்டினார். டிபன் பாக்ஸ் கொண்டுவந்த பிள்ளைகள் அன்றைக்கும் இருந்தார்கள். அவர்களை எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

பத்தரை மணிவாக்கில் சமையலறையின் பின்வாசலில் நிழல் விழுந்தது. வீராசாமி. உள்ளேயும் வராமல் போகவும் போகாமல் நின்றார். கையில் இரண்டு சுரைக்காய்.

"கொல்லையில காய்ச்சிது. புள்ளைங்களுக்கு ஆவும்னு..." என்றவர் கொஞ்சம் செருமினார். குரலைத் தாழ்த்தினார். "அந்த நாலு பேரு சமாச்சாரம்மா..."

மீனம்பாள் திரும்பாமல் கரண்டியை விட்டுக் கிளறினாள்.

"எந்த நாலு பேரு?" என்றாள். "காய அப்படி வெச்சிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கொழம்பு கொதிக்குது, மேல தெறிக்கும்."